ஆமைக்கு ஒரு வெயில் வீடு

 

போன சுவர் இதழில் ஆண்டு 7இல் படிக்கும் ஒரு தம்பி மீன் தொட்டி பற்றி எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு எங்கள் ரீச்சர், "உங்கட வீட்டில ஆமை இருக்குதெல்லே, நீரும் எழுதும்" என்று சொன்னா. அதனால் இந்தக் கட்டுரை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். எங்கள் வீட்டில் ஆமை புகுந்து ஏழு மாதம் முடிந்துவிட்டது. வீடு நல்லாத்தான் இருக்கிறது. உண்மையில் உருப்படாமல் இருந்தது ஆமைதான்! அது எப்படித் தேறியது, அதற்காக வீட்டுக்குள் என்ன கட்டினோம், ஏன் அப்படிக் கட்டினோம் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

யார் இந்த ஆமை?

இவர் ஹெர்மன் ஆமை என்ற இனம். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம் போன்ற நாடுகளில் வெயில் படும் பற்றைக் காடுகளில் வாழும் தரை ஆமை. வளர்ந்தால் 15 முதல் 20 செ.மீ. வரை வரும். வாலின் நுனியில் நகம் போல ஒரு கூர் இருக்கும், அதை வைத்து இனத்தை அடையாளம் காணலாம். 50 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. வயது போன மனிசர் மாதிரித் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பதால் அம்மம்மா இவருக்குக் "கந்தையா" என்று பெயர் வைத்தா.

கந்தையாவுக்கு நாலு வயது. முதலில் வளர்த்தவர்கள் வீடு மாறியபோது எங்களிடம் தந்தார்கள். அங்கே அவர் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் இருந்தார். மேலே சாதாரண மேசை விளக்கு. சாப்பாடு வெள்ளரிக்காயும் தக்காளியும். அவர்களும் அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஓட்டை விரலால் மெல்ல அழுத்தினால் பிளாஸ்ரிக் மூடி மாதிரி உள்ளே போனது. நாலு வயது ஆமைக்கு ஓடு நல்ல கெட்டியாக இருக்க வேணும். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் சின்னச் சின்னப் புற்று மாதிரி மேலே கூம்பி இருந்தது. நடக்கும்போது வயிறு நிலத்தில் இழுபட்டது.

மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு மெலிந்துவிட்டது என்றார். கல்சியம் மருந்து தந்தார். பிறகு அப்பாவிடம் சொன்னது இதுதான்: "மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி வேலையைச் செய்ய வேண்டியது அவர் இருக்கிற வீடு."

வீடு எப்படி மருந்தாகும்?

ஆமை குளிர் இரத்தப் பிராணி. எங்கள் உடம்பு தானே சூட்டை உண்டாக்கும். ஆமையின் உடம்பு அப்படிச் செய்யாது. வெயிலில் போய் நின்றுதான் சூடு ஏற்ற வேணும். சூடு ஏறாவிட்டால் தின்ற இலைகூடச் செமிக்காது.

இரண்டாவது விசயம் இன்னும் முக்கியம். சூரிய ஒளியில் எங்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அதில் யூவீபி என்ற பகுதி தோலில் படும்போதுதான் உடம்பு விற்றமின் டி3 தயாரிக்கிறது. விற்றமின் டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கல்சியம் தின்றாலும் அது ஒழுங்காக உடம்பில் சேராது. இரத்தத்துக்குக் கல்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பில் இருந்து எடுக்கும். ஆமையின் ஓடும் எலும்புதான்! அதனால் ஓடு மெலிகிறது, வளைகிறது.

இதைக் கேட்டதும் அம்மா சிரித்தா. ஏனென்றால் போன வருடம் அம்மாவுக்கும் டொக்டர் விற்றமின் டி குறைவு என்று சொல்லிக் குளிசை கொடுத்தார். எங்களைப் போல மண்ணிறத் தோல் உள்ளவர்கள் இந்த நாட்டு வெயிலில் போதிய விற்றமின் டி தயாரிப்பது கஷ்டம். அதனால் வருடம் முழுக்க ஒவ்வொரு நாளும் 10 மைக்ரோகிராம் எடுப்பது நல்லது என்பது இங்கே சுகாதாரத் துறையின் ஆலோசனை. வெயில் நாட்டில் இருந்து வந்த இரண்டு பேருக்கும் ஒரே குறைதான்.

"அப்ப ஜன்னல் பக்கத்தில வைச்சால் போதாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், யூவீபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதோடு கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் அது அடுப்பாகிவிடும். ஆமைக்கு ஓட இடம் இருக்காது.

ஆகவே லண்டன் வீட்டுக்குள் ஆமைக்கு வீடு கட்டுவது என்றால், பெட்டி கட்டுவது இல்லை. வெயிலைக் கட்டுவது. கூடவே நிழலையும் கட்டுவது.

நாங்கள் கட்டிய முறை

(பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு வாசியுங்கோ.)

1. பெட்டி: பழைய புத்தக அலுமாரி ஒன்றை மல்லாக்கப் படுக்க வைத்தோம். 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். உள் தட்டுகளைக் கழற்றினோம். மேலே மூடி இல்லை. காற்று வர வேணும். பக்கங்கள் பலகையாக இருப்பதுதான் நல்லது. கண்ணாடி என்றால் என்னவென்று ஆமைக்கு விளங்காது. வெளியே போகலாம் என்று நினைத்து நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். நாலு மூலைகளிலும் முக்கோணப் பலகை ஒவ்வொன்று மேலே அடித்தோம். ஆமைகள் மூலையில் ஏறுவதில் கெட்டிக்காரர்.

2. அடிப்பக்கம்: ஈரமண் பட்டால் அலுமாரிப் பலகை ஊதிவிடும். அதனால் மீன் குளத்துக்குப் போடும் தடித்த கறுப்பு விரிப்பை உள்ளே விரித்து, மண் மட்டத்துக்கு மேலே ஆணி அடித்தோம். விளிம்பை ஆமை கடிக்காமல் மேலே மெல்லிய மரச் சட்டம் வைத்து மறைத்தோம்.

3. மண்: உரம் போடாத தோட்ட மண் மூன்று பங்கு, பிள்ளைகள் விளையாடும் மணல் இரண்டு பங்கு. 10 செ.மீ. ஆழம். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்க வேணும். மரத்தூள் சரிவராது. தனி மணலும் சரிவராது, சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போய் அடைத்துவிடலாம். கணக்குப் பாருங்கோ: 180 × 60 × 10 = 108,000 கன செ.மீ. அதாவது 108 லீற்றர் மண்! எடை 100 கிலோவுக்கு மேல் வரும். அதனால் இதை மேசையில் வைக்கவில்லை. நிலத்தில் குளிர் ஏறாத நுரைப் பலகை போட்டு அதன்மேல் வைத்தோம்.

4. வெயில் மூலை: ஒரு முனையில் இரண்டு விளக்குகள். ஒன்று சூடு தரும் 50 வாற்று ஹலோஜன் பல்ப். மற்றது யூவீபி தரும் ரியூப். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேணும், ஏனென்றால் உண்மையான சூரியனில் சூடும் யூவீபியும் சேர்ந்தே வரும். கீழே ஒரு தட்டையான கல். ரியூப்புக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ வரக்கூடாது. ரியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யூவீபி மெல்ல மெல்லக் குறையும். எங்கள் ரியூப்பின் பெட்டியில் 12 மாதம் என்று போட்டிருக்கிறது. மாற்ற வேண்டிய திகதியைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.

5. பாதுகாப்பு: பல்ப் சூடு தாங்கும் செராமிக் தாங்கியில் இருக்க வேணும். பிளாஸ்ரிக் தாங்கி உருகிவிடும். கவ்வியை மட்டும் நம்பக்கூடாது, சங்கிலியிலும் கட்டித் தொங்கவிட வேணும். பல்ப் மண்ணில் விழுந்தால் வீடே எரியலாம். இந்த வேலை முழுவதையும் மின்சார வேலை செய்யும் எங்கள் மாமாதான் செய்தார். தம்பி தங்கைமார் நீங்களாகச் செய்யாதேங்கோ! ஒரு ரைமர் போட்டிருக்கிறோம். காலை 8 மணிக்கு விளக்கு தானே எரியும், இரவு 8 மணிக்கு அணையும்.

6. நிழல் மூலை: மற்ற முனையில் ஒளிந்திருக்க ஒரு குகை. கழற்றிய அலுமாரித் தட்டில் வாசல் வெட்டிச் செய்தோம். அதற்குள் மண் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். ஆமையின் ஓடு கூம்புவதற்கு வறண்ட காற்றும் ஒரு பெரிய காரணம். ஆபிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சாப்பாட்டில் உள்ள புரதத்தைவிட ஈரப்பதன் குறைவுதான் ஓட்டைக் கூடுதலாகக் கூம்ப வைத்தது.

7. தண்ணீர்: மண்ணால் செய்த பூச்சாடித் தட்டை மண்மட்டத்துக்குப் புதைத்து வைத்தோம். ஆழம் கூடாது. தலை தண்ணீருக்கு மேலே நிற்க வேணும்.

சூட்டை மேலே இருந்துதான் கொடுக்க வேணும். சூடாகும் விரிப்பைக் கீழே போடக்கூடாது. காட்டில் ஆமைக்குச் சூடு கூடினால் அது மண்ணைத் தோண்டி உள்ளே போகும், கீழே போனால் குளிர்ச்சி என்பது அதன் பிறவி அறிவு. கீழே சூடு இருந்தால் பாவம், தப்பப் போய் இன்னும் சூட்டுக்குள் மாட்டும்.

வெயிலை அளந்து பார்த்தோம்

ஆமையை உள்ளே விட முதல் மூன்று நாள் வெறும் பெட்டியில் விளக்கை எரியவிட்டு, ஆமையின் முதுகு வரும் உயரத்தில் தெர்மோமீற்றர் வைத்து அளந்தேன். சங்கிலியை ஏற்றி இறக்கிச் சரிப்படுத்திய பிறகு கிடைத்தது இது:

பல்புக்கு நேர் கீழே – 34 பாகை செல்சியஸ்
50 செ.மீ. தள்ளி – 28 பாகை
100 செ.மீ. தள்ளி – 24 பாகை
150 செ.மீ. தள்ளி – 21 பாகை
குகைக்குள் – 20 பாகை

ஒரே பெட்டிக்குள் 14 பாகை வித்தியாசம்! இதுதான் இந்த வீட்டின் உயிர். ஆமைக்கு எந்த நேரம் எவ்வளவு சூடு வேணும் என்று எங்களுக்குத் தெரியாது. அதற்குத் தெரியும். போகத்தான் இடம் வேணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொப்பியோடு பக்கத்தில் இருந்து எழுதினேன். 8 மணிக்கு விளக்கு எரிந்தது. 8.25க்குக் கந்தையா குகையில் இருந்து வந்தார். நேரே கல்லில் ஏறி நாலு காலையும் கழுத்தையும் நீட்டிப் படுத்தார். 9.20க்கு எழும்பிச் சாப்பிட்டார். பிறகு பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். 11 மணிக்குத் திரும்ப வெயில். ஒரு மணிக்கு நிழல். மூன்று மணிக்கு வெளியே. ஆறே கால் மணிக்கு, விளக்கு அணைய முதலே, குகைக்குள் மண்ணைத் தோண்டிப் படுத்துவிட்டார். ஒரு நாளில் ஏழு தரம் இடம் மாறினார். பழைய தொட்டியில் எங்கே போனாலும் ஒரே சூடு. மாறுவதற்கு இடமே இருக்கவில்லை.

சாப்பாடு

ஹெர்மன் ஆமைக்குக் காட்டு இலைதான் சாப்பாடு. இங்கே புல்வெளியில் மஞ்சள் பூ பூக்கும் டான்டிலயன் இலையும் பூவும் கந்தையாவுக்கு உயிர். செவ்வரத்தைப் பூவும் இலையும் கொடுக்கலாம். மருந்து அடிக்காத, நாய் நடமாட்டம் இல்லாத இடத்தில் பறிக்க வேணும். பழம், பாண், தக்காளி, நாய்ச் சாப்பாடு கூடாது. டஃபடில், ஐவி, ஃபொக்ஸ்குளோவ் போன்ற செடிகள் நஞ்சு.

கல்சியத்துக்கு இலைமேல் தூள் தூவுகிறோம். அதோடு கணவாய் ஓடு! கடையில் பறவைகளுக்கு என்று விற்கிறார்கள். அம்மம்மாவோ, கணவாய்க் கறி வைக்கும் நாளில் ஓட்டை எறியாமல் உப்புப் போக அவித்துக் காயவைத்துத் தருவா. கந்தையா அதைக் கறுக் கறுக் என்று கடிப்பார்.

கிழமையில் மூன்று நாள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் குளிப்பு. அதற்கென்று தனிக் கிண்ணம். சமையலறைத் தொட்டியில் குளிக்க வார்க்கக்கூடாது. ஆமையின் உடம்பில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெயில் நாள் வந்தால் தோட்டத்தில் கம்பி வலை அடித்த கூட்டுக்குள் விடுவோம். எந்த ரியூப்பும் உண்மையான வெயிலுக்குச் சமம் இல்லை. வலை ஏன் என்றால் லண்டன் நரிகளுக்குத்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஐந்து உறுப்பையும் ஓட்டுக்குள் அடக்கும் ஆமையைத்தான் திருவள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு உவமையாகச் சொன்னார் (குறள் 126).

★ கில்பேர்ட் வைற் என்ற இயற்கை ஆய்வாளர் 1780இல் இருந்து செல்போர்ன் என்ற ஊரில் ரிமோதி என்ற ஆமையை வளர்த்தார். ஆண் பெயர் வைத்திருந்தாலும் அது பெண் ஆமை என்று பிறகுதான் தெரிந்தது! அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

★ சென் ஹெலினா தீவில் உள்ள ஜொனதன் என்ற இராட்சத ஆமைக்கு 2022இல் 190ஆவது பிறந்தநாள் கொண்டாடினார்கள்.

வாங்க முதல் யோசியுங்கோ

ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து ஆமைகளைக் காட்டில் பிடித்து இலட்சக்கணக்கில் இறக்கினார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கினார்கள். குளிரும் பிழையான சாப்பாடும் சேர்ந்து பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் செத்தன. 1984இல் அந்த இறக்குமதியைத் தடை செய்தார்கள். இப்போது ஹெர்மன் ஆமையை விற்பதற்கு அரசாங்கத்தின் ஆர்டிக்கிள் 10 சான்றிதழ் வேணும். அந்தத் தாள் இல்லாமல் யாராவது விற்றால் வாங்காதேங்கோ. எங்களுக்குக் கந்தையாவோடு அந்தத் தாளையும் தந்தார்கள். 2006இல் வந்த மிருக நலச் சட்டத்தின்படி, வளர்ப்புப் பிராணிக்குப் பொருத்தமான இருப்பிடம் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற விசயம் இல்லை.

இன்னொன்று. மழை பெய்தால் வன்னியில் தோட்டத்துக்குள் நட்சத்திர ஆமை வரும் என்று அம்மம்மா சொல்லுவா. முதுகில் மஞ்சள் நட்சத்திரம் வரைந்த மாதிரி அழகான ஆமை. அது இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம். கள்ளமாகப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்பது கூடியதால், 2019இல் அதைச் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலின் முதலாம் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊருக்குப் போகும்போது யாராவது காட்டினால் பார்த்து ரசியுங்கோ. வீட்டுக்குக் கொண்டு போக நினைக்காதேங்கோ. அதற்கு நாங்கள் வெயில் கட்டத் தேவையில்லை. அங்கே வெயில் இருக்கிறது.

இப்போது கந்தையா

வந்தபோது எடை 168 கிராம். இப்போது 214 கிராம். ஒவ்வொரு ஞாயிறும் சமையலறைத் தராசு மாதிரி ஒரு தனித் தராசில் நிறுத்து எழுதுகிறேன். ஓடு கெட்டியாகிவிட்டது. வயிறு நிலத்தில் படாமல் தூக்கி நடக்கிறார். ஓட்டின் விளிம்பில் புதிதாக வளர்ந்த வளையம் மட்டமாக, அழகாக இருக்கிறது. ஆனால் பழைய கூம்புகள் மாறாது, அது வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும் என்று வைத்தியர் சொன்னார். இந்த இனம் குளிர்காலத்தில் தூங்கும். நல்ல சுகமான ஆமையைத்தான் அப்படித் தூங்க விடலாம் என்பதால் இந்த முறை கந்தையாவைத் தூங்க விடவில்லை. குளிர்காலம் முழுவதும் அந்த அலுமாரிக்குள்தான் வெயில் காய்ந்தார்.

எனக்கு இப்போது 14 வயது. கந்தையா சுகமாக இருந்தால் எனக்கு 60 வயதிலும் அவர் இருப்பார். நான் பல்கலைக்கழகம் போனால் யார் பார்ப்பது என்று அப்பாவும் நானும் இப்பவே கதைத்து வைத்திருக்கிறோம்.

ஆமை வாங்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் ஆமையை வாங்காதேங்கோ. பெட்டியைக் கட்டுங்கோ. ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் காலையில் விளக்கைப் பாருங்கோ, சூட்டை அளவுங்கோ, மண்ணுக்குத் தண்ணீர் தெளியுங்கோ, டான்டிலயன் பறியுங்கோ. உள்ளே ஒருவரும் இல்லாத வெறும் பெட்டிக்கு ஒரு மாதம் இதைச் செய்ய உங்களால் முடிந்தால், நீங்கள் ஆமை வளர்க்கலாம்.



– ஆண்டு 9 மாணவி